பழைய பைப் ஆர்கனைச் சீரமைக்க: இங்கிலாந்தின் சேகர ஆலயங்களில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

இங்கிலாந்தில் ஓர் ஆலயத்தின் பி.சி.சி. என்னும் நிர்வாகக் குழுவுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், அல்லது பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள். ஆங்கிலோ-கத்தோலிக்க மரபு ஆலயம்: ஞாயிறுதோறும் தூபத்தோடும் பாட்டோடும் பெரிய பூசை, பண்டிகை மாலைகளில் ஈவன்சாங் என்ற மாலை ஆராதனை, நற்கருணை ஆசீரான பெனடிக்‌ஷன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஆர்கன் ஒன்று பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, பழுதாகிக்கொண்டே வருகிறது. "நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கோப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது. இங்கே சொல்வதெல்லாம் சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் நடைமுறை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆர்கன் பில்டருக்குப் போன் போடுவது முதல் வேலை அல்ல, நான்காவது வேலை. வரிசை மாறினால் ஒரு வருடம் வீணாகும், சில சமயம் கிடைக்க வேண்டிய மானியமும் கைவிட்டுப் போகும்.

1. கோளாறை எழுதி வையுங்கள்

ஆர்கனிஸ்டிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அவர் அமர்ந்து வாசிக்கும் கன்சோலிலேயே வைக்கச் சொல்லுங்கள். தேதி, மேனுவல் (விசைப்பலகை), ஸ்டாப் (ஒரே குரலுள்ள குழல் வரிசை), சுரம், அன்றைக்கு ஆலயத்துக்குள் எத்தனை டிகிரி: இந்த ஐந்தும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்க வேண்டும். "ஆர்கன் சரியில்லை" என்ற புகாரால் யாருக்கும் பயனில்லை. "ஸ்வெல் மேனுவல், ஓபோ ஸ்டாப், நடு ஸி-க்கு மேல் எஃப் ஷார்ப், பேசவில்லை" என்று எழுதினால் பாதி நோய் தெரிந்துவிடும்.

குறிப்புகளைப் படிக்கும் விதம் இது. ஒரு சுரம் ஒரே ஸ்டாப்பில் மட்டும் பேசவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தக் குழலில்தான்: அடியில் தூசியோ விழுந்த சுண்ணாம்புத் துணுக்கோ அடைத்திருக்கும். டியூனர் ஒரே வருகையில் சரிசெய்துவிடுவார். அதே சுரம் எல்லா ஸ்டாப்பிலும் பேசவில்லை என்றால் கோளாறு ஆக்‌ஷனில், அதாவது விசைக்கும் காற்றுவாயிலுக்கும் இடையே இருக்கிறது. விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்காமல் ஊதிக்கொண்டிருப்பதைச் சைஃபர் என்பார்கள். காற்றுவாயில் முழுக்க மூடவில்லை என்று அர்த்தம். ஒரு விசையை அழுத்தும்போது பக்கத்துச் சுரமும் மெல்லக் கேட்டால் கவனம் தேவை, குழல்களைத் தாங்கிக் காற்றைப் பிரித்துத் தரும் சவுண்ட்போர்டின் மரம் வெடித்துக் காற்று பக்கத்து அறைக்குக் கசிகிறது. பல ஸ்டாப்பைத் திறந்து முழு கார்டு (பல சுரம் ஒன்றாக) வாசிக்கும்போது சுருதி தளர்ந்து இறங்கினால் காற்றுச் சேமிப்பின் தோல் கிழிந்திருக்கலாம், காற்றூதும் ப்ளோவரும் களைத்திருக்கலாம்.

சில நாள் மட்டும் டிரம்பெட், ஓபோ போன்ற ரீடுகள் (நாக்குத் தகடு அதிர்ந்து ஒலிக்கும் குழல்கள்) மற்றக் குழல்களோடு சேராமல் ஒலிக்கின்றனவா? அது பழுதே இல்லை, வெப்பநிலை. சாதாரணக் குழல்களின் சுருதி ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு) ஏறும். ரீடுகள் அந்த அளவுக்கு நகராது. 10 டிகிரிக் குளிரில் டியூன் செய்துவிட்டு 18 டிகிரியில் பூசை வைத்தால் அரைச்சுரத்தில் கால் பங்கு விலகிவிடும். டியூனர் வரும் நாளில் ஹீட்டரை ஞாயிற்றுக்கிழமை போலவே, அதே நேரம் முன்னதாகப் போட்டு வையுங்கள். பல ஆலயங்களில் "ஆர்கன் கெட்டுப்போச்சு" என்ற பேச்சு இதோடு அடங்கிவிடும்.

சில பத்து பவுண்டுக்கு ஈரப்பதமும் வெப்பமும் பதியும் சிறு லாகர் கிடைக்கும். ஒன்றை வாங்கி ஆர்கனுக்குள் ஒரு குளிர்காலம் முழுக்க வையுங்கள். ஈரப்பதம் திரும்பத் திரும்ப 45 சதவீதத்துக்குக் கீழே போகிறதென்றால் மரத்தை வெடிக்க வைப்பது உங்கள் ஹீட்டர்தான். அதைச் சரிசெய்யாமல் ஆர்கனில் ஒரு லட்சம் பவுண்டு போட்டால் அதே வெடிப்பு திரும்ப வரும்.

2. ஆர்கனின் பூர்வீகத்தைத் திரட்டுங்கள்

நேஷனல் பைப் ஆர்கன் ரெஜிஸ்டர் என்ற இணையப் பதிவேட்டில் உங்கள் ஆலயத்தைத் தேடுங்கள். கட்டியவர், ஆண்டு, ஸ்டாப் பட்டியல், பின்னால் யார் யார் கைவைத்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும். அதை நடத்தும் பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்கன் ஸ்டடீஸ், முக்கியமான ஆர்கன்களுக்கு வரலாற்றுச் சான்றிதழ் தருகிறது. அதில் கிரேடு 1, 2*, 2 என்று மூன்று படி. சான்றிதழுக்குச் சட்ட பலம் கிடையாது, ஆனாலும் அனுமதி தருபவரும் மானியம் தருபவரும் அதை மதிக்கிறார்கள். பழைய பில்டர்களின் கணக்குப் புத்தகங்கள் பல பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ரிசர்ச் லைப்ரரியில் உள்ள பிரிட்டிஷ் ஆர்கன் ஆர்க்கைவில் பத்திரமாக இருக்கின்றன. ஆலயத்தின் பழைய மினிட்ஸ் புத்தகத்தையும் புரட்டுங்கள்.

போட்டோக்கள் எடுங்கள்: கன்சோல், ஸ்டாப் குமிழ்கள், முன்பக்கக் குழல்கள், ப்ளோவர், தெரிகிற தோல் கிழிசல். உள்ளே ஏறாதீர்கள். நடைபலகை உளுத்திருக்கலாம், குழல்கள் ஈயக் கலவை, கை பட்டாலே நசுங்கும்.

3. ஆலோசகரைக் கூப்பிடுங்கள்

ஒவ்வொரு டயோசிஸிலும் (மறைமாவட்டத்திலும்) டி.ஏ.சி. என்ற ஆலோசனைக் குழு உண்டு. அதில் ஆர்கனுக்கென்றே ஓர் ஆலோசகர் இருப்பார். டயோசிஸ் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். அவர் வந்து பார்ப்பதற்குச் சேகரம் பெரும்பாலும் கட்டணம் கொடுக்க வேண்டியிராது. உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் லாகர் அளவையும் அவர் முன் வையுங்கள்.

வேலை பெரியதென்று அவர் சொன்னால், சம்பளம் கொடுத்துத் தனி கன்சல்டன்ட் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் ஆஃப் இண்டிபெண்டன்ட் ஆர்கன் அட்வைசர்ஸ் என்ற அமைப்பில் இருப்பவர்கள் எந்த பில்டரோடும் பணத் தொடர்பு இல்லாதவர்கள். என்ன செய்ய வேண்டும் என்று பில்டரே எழுதி, அவரே விலை போட்டு, அவரே முடித்துக் கொடுத்தால் குறுக்கே கேள்வி கேட்க ஆளே இருக்காது.

இந்தக் கட்டத்தில் "கூட நாலு ஸ்டாப் சேர்த்துக்கொள்ளலாமே" என்ற ஆசை எழும். எங்கள் கருத்து: அடக்கிக்கொள்ளுங்கள். பழைய ஆர்கன் அந்த ஆலயத்தின் எதிரொலிக்கும் அந்தக் காலப் பாடகர் குழுவின் அளவுக்கும் பொருத்திக் குரல் அமைக்கப்பட்டது. லண்டன் மார்கரெட் தெரு ஆல் செயின்ட்ஸ் ஆலயத்தில் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் 1910-இல் வைத்த நான்கு மேனுவல் ஆர்கன் இன்றும் பூசைக்குப் பேர்போனதாக இருக்கிறது. அந்தக் குழல்களின் குரலைக் காத்து வந்ததுதான் அதற்குக் காரணம்.

4. பில்டர்களிடம் கொட்டேஷன் வாங்குங்கள்

இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிரிட்டிஷ் ஆர்கன் பில்டிங் அங்கீகரித்த பில்டர்கள் மூவரிடம் ஒரே வேலைக்குறிப்பைக் கொடுத்துக் கேளுங்கள். வேலைக்குறிப்பு இல்லாமல் கேட்டால் ஒருவர் சுத்தம் செய்ய விலை சொல்வார், இன்னொருவர் ஆக்‌ஷனையே மாற்ற விலை சொல்வார், ஒப்பிட வழியிருக்காது.

கொட்டேஷன் வந்ததும் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். வாட் வரி சேர்த்ததா, சேர்க்காததா? சாரக்கட்டு, மின்சார வேலை, ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை யார் தலையில்? பட்டறையில் இருக்கும்போது குழல்களுக்கு இன்ஷூரன்ஸ் யாருடையது? எத்தனை ஆண்டு உத்தரவாதம்? வேலை எப்போது தொடங்கும்? நல்ல பில்டர்களிடம் ஒன்றிரண்டு வருட வரிசை இருப்பது சகஜம்.

செலவு ஆர்கனுக்கு ஆர்கன் மாறும். இரண்டு மேனுவல் ஆர்கனை முழுக்கக் கழற்றி, தோல் மாற்றி, சவுண்ட்போர்டு செப்பனிட்டுத் திரும்ப நிறுத்தினால் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம்.

5. ஃபாக்கல்டி: அனுமதி வாங்குவது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஃபாக்கல்டி என்பது ஆலயக் கட்டடத்திலும் அதன் உடைமைகளிலும் மாற்றம் செய்யத் தரப்படும் சட்டபூர்வ அனுமதி. தருபவர் டயோசிஸின் சான்சலர், அவர் ஒரு நீதிபதி. ஆலயம் பாரம்பரியப் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஃபாக்கல்டி வேண்டும். ஆர்கன் வேலைக்காக நகரசபையின் பாரம்பரியக் கட்டட அனுமதிக்கு அலைய வேண்டாம், சர்ச் ஆஃப் இங்கிலாந்துக்கு அதில் விலக்கு உண்டு.

டியூனிங், வழக்கமான பராமரிப்பு போன்றவற்றுக்கு ஃபாக்கல்டி தேவையில்லை. சில நடுத்தர வேலைகளுக்கு ஆர்ச்டீக்கனின் (பிஷப்பின் கீழ் வட்டாரப் பொறுப்பிலுள்ள குரு) எழுத்துபூர்வ அனுமதி போதும். குரலை மாற்றுவது, ஆக்‌ஷனை மாற்றுவது, பெரிய அளவில் கழற்றுவது என்றால் முழு ஃபாக்கல்டி வேண்டும். எந்த வகை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். டி.ஏ.சி. செயலாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

ஆன்லைன் ஃபாக்கல்டி சிஸ்டத்தில் ஏற்றத் தயாராக இருக்க வேண்டியவை:

- பி.சி.சி. தீர்மானத்தின் நகல்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்ற எண்ணிக்கையோடு
- ஆர்கன், ஆலயம் இவற்றின் முக்கியத்துவம் பற்றிய அறிக்கை (இரண்டாம் படியில் திரட்டியது இதற்கு)
- ஏன் இந்த வேலை தேவை, ஏன் இதைவிடச் சிறிய வேலை போதாது என்ற அறிக்கை
- ஆலோசகரின் அறிக்கை, தேர்ந்தெடுத்த பில்டரின் வேலைக்குறிப்பு, கொட்டேஷன்
- போட்டோக்கள், மின்சார வேலை விவரம்

தேவை அறிக்கையில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் பலவீனமாக இருக்கின்றன. "ஆர்கன் பழையது" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். பூசையில் ஆர்கன் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்: பீடத்துக்குத் தூபம் காட்டும் நேரம், சுவிசேஷ ஊர்வலம், காணிக்கை வேளை, நன்மை (நற்கருணை) வாங்கும் நேரம். பாடகர் குழு எத்தனை பேர், என்னென்ன பாடுகிறார்கள், எந்தக் கோளாறால் எதைப் பாட முடியாமல் போனது என்று நோட்டுப் புத்தகத்திலிருந்தே தேதியோடு காட்டுங்கள்.

டி.ஏ.சி. தன் ஆலோசனையைத் தந்த பிறகு பொது அறிவிப்பை ஆலயத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 28 நாள் ஒட்ட வேண்டும். வாசலில் மட்டும் ஒட்டிவிட்டு மறந்தால் அந்த நாட்களைத் திரும்ப எண்ண வேண்டிவரும். முதல் மின்னஞ்சலிலிருந்து ஃபாக்கல்டி கைக்கு வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஒதுக்குங்கள். இன்னொரு பொறி: ஃபாக்கல்டியில் வேலையை முடிக்கக் காலக்கெடு போட்டிருப்பார்கள். பில்டரின் வரிசை இரண்டு வருடம் என்றால் விண்ணப்பத்திலேயே நீண்ட கெடு கேளுங்கள். தாண்டப்போகிறதென்றால் தாண்டும் முன்பே நீட்டிப்புக்கு எழுதுங்கள்.

6. பணம்

கொட்டேஷன் 1,20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத வாட் 24,000. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் 12,000, அதற்கு வாட் 2,400. ஆக 1,58,400 பவுண்டு. கன்சல்டன்ட் சம்பளம், தற்காலிகக் கருவி வாடகை இவை தனி. பி.சி.சி.யில் 1,20,000 என்று சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிறகு இந்தத் தொகையைச் சொன்னால் நம்பிக்கையே போய்விடும். முதல் கூட்டத்திலேயே முழுத் தொகையைச் சொல்லுங்கள்.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஆலயங்களுக்கு வாட் தொகையைத் திருப்பித் தரும் அரசுத் திட்டத்தில் பைப் ஆர்கன் வேலையும் சேர்ந்திருந்தது. 2025 ஏப்ரலில் ஓர் ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டார்கள். இத்தகைய திட்டங்களின் விதியும் ஆயுளும் மாறிக்கொண்டே இருப்பவை. இன்றைய நிலையை அரசின் தளத்தில் பாருங்கள், பட்ஜெட்டை வாட் திரும்பாது என்றே போடுங்கள்.

மானியத்துக்கு நேஷனல் லாட்டரி ஹெரிடேஜ் ஃபண்ட், நேஷனல் சர்ச்சஸ் டிரஸ்ட், சர்ச் பில்டிங்ஸ் கவுன்சில் ஆகியவற்றின் நடப்பு விதிகளைப் படியுங்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி: தொடங்கிவிட்ட வேலைக்கு மானியம் இல்லை. பில்டரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதே "தொடக்கம்" ஆகலாம். மானியக் கடிதம் வரும்வரை பேனாவை மூடியே வையுங்கள்.

சபையாரிடம் ஒவ்வொரு குழலுக்கும் நன்கொடை கேட்கும் திட்டம் நன்றாக வேலை செய்யும். வருமான வரி கட்டுபவர்களிடம் கிஃப்ட் எய்டு (நன்கொடைக்குரிய வரியை அரசு ஆலயத்துக்குத் தரும் திட்டம்) படிவம் வாங்கினால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் கூடுதலாக வரும். படிவத்தைக் காசோடு சேர்த்தே வாங்குங்கள், பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

பில்டருக்குத் தவணை தவணையாகக் கொடுங்கள்: கையெழுத்தின்போது ஒரு பங்கு, கழற்றும்போது, பட்டறை வேலையின் நடுவில், திரும்ப நிறுத்தியபின். கடைசியில் ஐந்து சதவீதமாவது பிடித்து வைத்து ஒரு குளிர்காலம் கழிந்தபின் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பட்டறையில் உள்ள குழல்களும், நீங்கள் பணம் கட்டிய புதுப் பொருட்களும் ஆலயத்தின் சொத்து என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். நிறுவனம் நொடித்தால் உங்கள் குழல்களைக் காப்பது அந்த ஒரு வரிதான்.

7. ஆர்கன் இல்லாத மாதங்களில் பாடகர் குழு

சேகரங்கள் இதைக் கடைசியில் யோசிக்கின்றன. ஒப்பந்தத்துக்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஆங்கிலோ-கத்தோலிக்க மரபுக்கு ஒரு வசதி உண்டு. லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) நாட்களில் ஆர்கன் தனியாக ஒலிப்பதில்லை. பல ஆலயங்களில் நடு லெந்தின் லெத்தாரே ஞாயிறு தவிர அது மௌனமாகவே இருக்கும், கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்திலும் அதன் மூன்றாம் ஞாயிறான கவுதெத்தே தவிர அப்படியே வைப்பவர்கள் உண்டு. நான்கைந்து வார வேலையென்றால் சாம்பல் புதன் முடிந்ததும் தொடங்குங்கள். முடிக்கும் தேதி குருத்தோலை ஞாயிறு என்று எழுதுங்கள். ஈஸ்டருக்கு முந்தின சனி என்று எழுதினால், ஒரு நாள் தள்ளிப்போனாலும் ஈஸ்டர் விழிப்புப் பூசையின் குளோரியா பாட்டுக்கு ஆர்கன் இருக்காது.

ஒரு வருட வேலையென்றால் பாட்டுப் பட்டியலையே மாற்ற வேண்டும். துணைக் கருவி இல்லாமல் பாடும் பூசை இசை ஏராளம். இசையமைப்பாளர் பைர்டின் மூன்று குரல், நான்கு குரல், ஐந்து குரல் பூசைகள், விக்டோரியாவின் 'ஓ குவாம் குளோரியோசும்', பாலஸ்திரீனாவின் 'மிஸ்ஸா பிரேவிஸ்' எல்லாம் இந்த மரபின் அன்றாடச் சோறு. நால்வர் மட்டும் வரும் ஞாயிறுகளுக்குப் பைர்ட் போதும். சபையும் சேர்ந்து பாட 'மிஸ்ஸா தே ஆஞ்ஜெலிஸ்' கிரகோரியப் பாட்டு. ஆர்கன் துணை வேண்டிய டார்க்கின் எஃப் சுர ஆராதனை, ஹைடனின் சிறிய ஆர்கன் பூசை போன்றவற்றை ஒரு வருடத்துக்கு எடுத்து வையுங்கள்.

ஆர்கனிஸ்ட் கைக்கு வந்ததை வாசித்து நிரப்பும் இடங்களில்தான் வெற்றிடம் விழும். காணிக்கை வேளையில் குருவானவர் பீடத்தைச் சுற்றித் தூபம் காட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு ஞாயிறு கைக்கடிகாரத்தில் பாருங்கள். அந்த நேரத்தை நிரப்ப, காணிக்கை அந்திபோன் என்ற சிறு பல்லவிக்குப் பின் சங்கீத வசனங்களைக் கிரகோரிய மெட்டில் சேர்த்து, தூபம் முடிந்ததும் எந்த வசனத்திலும் நிறுத்தி அந்திபோனுக்குத் திரும்பும்படி தனித்துப் பாடும் கேன்டரைப் பழக்குங்கள். நன்மை வாங்கும் நேரத்துக்கும் அதே முறை.

துணையின்றிப் பாடும்போது சுருதி இறங்கும். கிரியே முடிந்ததும் குளோரியாவுக்கு சுருதிக்கவையில் புதிதாகச் சுரம் கொடுங்கள். இங்கே இன்னொன்று: விக்டோரிய கால ஆர்கன் சில ஏ=452 அளவுக்கு உயர்ந்த சுருதியில் இருக்கும். இன்றைய 440-ஐ விட அது ஏறத்தாழ கால்சுரம் கூடுதல். ஒரு வருடம் 440-இல் பாடிப் பழகிய சோப்ரானோக்களுக்கு ஆர்கன் திரும்பிய வாரம் உச்சி சுரங்கள் கடினமாகத் தெரியும். முதல் மாதம் சுலபமான பூசைகளைப் போடுங்கள். ஆர்கனின் சுருதியை இறக்கிவிடலாம் என்ற யோசனை வந்தால் ஏற்காதீர்கள். அதற்குக் குழல்களின் நீளத்தை மாற்ற வேண்டும், மாற்றினால் பழைய குரல் திரும்பாது.

கீதங்களுக்கு ஒரு சிறு பெட்டி ஆர்கனோ டிஜிட்டல் கருவியோ வாடகைக்கு எடுக்கலாம். அதற்கும் அனுமதி கேளுங்கள், திருப்பித் தரும் தேதியை எழுத்தில் போடுங்கள். தேதியில்லாத தற்காலிகக் கருவி நிரந்தரமாகிவிடும், பட்டறையில் இருக்கும் ஆர்கனுக்கு நன்கொடையும் வற்றிப்போகும். ஆர்கனுக்குப் பணம் வேண்டுமென்று பாடகர்களின் சம்பளத்தை நிறுத்துவதும் கூடாது. கலைந்த குழுவைத் திரும்பச் சேர்ப்பது ஆர்கனைச் சீரமைப்பதைவிட நாளாகும். அந்த வருடத்தில் கல்யாணம் பதிந்தவர்களுக்கு ஆர்கன் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

8. வேலை நடக்கும்போது

கழற்றும் முன் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பழைய ப்ளோவர் பெட்டிகளின் உட்பூச்சில் அது இருப்பதுண்டு. ஆலய இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆலயத்துக்குள் பூச்சு வேலையோ தரை வேலையோ பாக்கி இருந்தால் ஆர்கன் திரும்பும் முன் முடித்துவிடுங்கள். தூசி பறக்கும்போது ப்ளோவரைப் போட்டால் அது அந்தத் தூசியை இழுத்து ஒவ்வொரு குழலுக்கும் அனுப்பிவிடும். காலியான ஆர்கன் அறையின் கூரை ஒழுகுகிறதா, சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

தூபத்தைக் குறை சொல்பவர்கள் வருவார்கள். மெழுகுவத்திப் புகையும் தூபமும் கரியாகப் படிவது உண்மைதான், ஆனால் ஹீட்டரின் உலர்ச்சி செய்யும் கேட்டின் பக்கத்தில் அது சிறிது. ப்ளோவர் காற்றை இழுக்கும் இடம் தூபக்கலசம் தொங்கும் இடத்துக்கு அருகில் இருந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

9. திரும்பி வந்தபின்

கன்சல்டன்டும் ஆர்கனிஸ்டும் சேர்ந்து ஒவ்வொரு ஸ்டாப்பையும் ஒவ்வொரு சுரமாகக் கேட்டுப் பட்டியல் போட்டபிறகே நிறைவுச் சான்றில் கையெழுத்திடுங்கள். ஆலயம் பூசை நேரத்து வெப்பத்தில் இருக்கட்டும். பாடகர் குழுவை நிற்க வைத்து ஒரு முழுப் பூசையும் பாடிப் பாருங்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்கக் கதவுள்ள ஸ்வெல் பெட்டி மூடிய நிலையில் குழுவின் குரல் மேலே கேட்கிறதா என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்கட்டும்.

முதல் வருடம் சிறு கோளாறுகள் வரும். புதுத் தோல் படிய வேண்டும், மரம் ஆலயத்தின் காற்றுக்குப் பழக வேண்டும். நோட்டுப் புத்தகத்தை மறுபடி தொடங்கி, பிடித்து வைத்த தொகையைக் கொடுக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு பட்டியலைப் பில்டருக்கு அனுப்புங்கள். டியூனிங் ஒப்பந்தம் வருடத்துக்கு மூன்று முறையாவது இருக்கட்டும்: ஈஸ்டருக்கு முந்தின வாரம், கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். வேலைக்குறிப்பு, போட்டோ, ஃபாக்கல்டி நகல் எல்லாவற்றிலும் ஒரு படியை நேஷனல் பைப் ஆர்கன் ரெஜிஸ்டருக்கு அனுப்புங்கள், இன்னொரு படியை ஆலயப் பதிவேட்டோடு வையுங்கள். பி.சி.சி. கணக்கில் ஆர்கனுக்கென்று தனி நிதி திறந்து, முதல் தவணையை அந்த நிதியாண்டிலேயே போடுங்கள்.